தில்லித் தூணின் நீளம்: 2.70 மீட்டரா, 4.20 மீட்டரா?

தில்லியில் ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள மனைக் குடியிருப்புக்கு முதன்மைத் திட்டம்-2021 அனுமதிக்கும் உயரம் 17.5 மீட்டர், பார்க்கிங் இல்லையென்றால் 15 மீட்டர். கூடுதலாகக் கிடைக்கும் இந்த 2.5 மீட்டர் வாகனங்களுக்கானது. அங்கே சுவர் இல்லை, தூண்கள் மட்டுமே. எனவே அந்தத் தூண்களின் தாங்கலற்ற நீளத்தைச் சரியாக அளப்பது முக்கியமாகிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 விதிப்படி, ஒவ்வொரு திசையிலும் தரையிலிருந்து மேல்தளப் பீமின் அடிப்பகுதி வரையுள்ள தெளிவான இடைவெளியே இந்நீளம். இருபுறப் பீம்களின் ஆழம் வேறுபட்டால், ஆழம் குறைந்த பீமைக் கணக்கில் எடுக்க வேண்டும். தரைக்கும் மேல்தளத்துக்கும் 3,000 மி.மீ. இருந்து, பீம்கள் 300 மி.மீ., 450 மி.மீ. என அமைந்தால் நீளம் 2,700 மி.மீ. ஆழமான பீமை வைத்து 2,550 மி.மீ. என எழுதினால் கணக்கில் 5.6% குறையும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு தரைக்குக் கீழே இருக்கிறது. தூணின் அடித்தளமான ஃபூட்டிங்கின் மேல்மட்டம் தரையிலிருந்து 1,500 மி.மீ. ஆழத்தில் இருந்து, தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் டை பீம் இல்லையென்றால், நீளம் 4,200 மி.மீ. ஆகிறது. 2,700 மி.மீ.-ஐ விட இது 56% அதிகம்.

300 × 450 மி.மீ. தூண் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம், 300 மி.மீ. என்பது ஐ.எஸ். 13920:2016 விதிக்கும் குறைந்தபட்ச அளவு. சுவரற்ற தளம் பக்கவாட்டில் அசையும் என்பதால் செயலுறு நீளக் காரணி 1.2. நீளம் 2,700 மி.மீ. என்றால் மெலிவு விகிதம் (செயலுறு நீளம் ÷ தூணின் சிறிய பக்கம்) 10.8; 4,200 மி.மீ. என்றால் 16.8. விதியின் எல்லை 12. முதலாவது குட்டைத் தூண், இரண்டாவது மெலிந்த தூண்.

தூண் 1,000 கிலோநியூட்டன் சுமந்தால், மெலிவால் கூடும் வளைவுத் திருப்புத்திறன் 42.3 கிலோநியூட்டன் மீட்டர். 20 மி.மீ. குறைந்தபட்ச மையவிலகலால் வருவது 20 கிலோநியூட்டன் மீட்டர். கழிவுக் காரணி எதுவும் சேர்க்காமல் கூட்டினால் 62.3. இது குறைந்தபட்ச மையவிலகலால் மட்டும் வருவதன் 3.1 மடங்கு.

மெலிவை எல்லைக்குள் கொண்டுவரத் தூணை 450 × 450 மி.மீ. ஆக்கலாம், விகிதம் 11.2 ஆகும். அதற்குத் தூண் ஒன்றுக்கு 0.2835 கன மீட்டர் கான்கிரீட் கூடுதலாக வேண்டும். 12 தூண்களுக்கு 3.40 கன மீட்டர். 4 மீட்டர் இடைவெளியில் 4 × 3 வரிசையாக நிற்கும் இதே 12 தூண்களை 230 × 300 மி.மீ. டை பீம்களால் இணைத்தால் 17 கண்கள், 68 மீட்டர், சுமார் 4.69 கன மீட்டர். கான்கிரீட் அளவை மட்டும் பார்த்தால் தூணைப் பெரிதாக்குவதே 1.29 கன மீட்டர் சிக்கனம்.

ஆனால் தில்லி நான்காம் நிலநடுக்க மண்டலம், நிலநடுக்கத் தரநிலை ஐ.எஸ். 1893-இன் 2002, 2016 பதிப்புகளில் மண்டலக் காரணி 0.24. நான்காம், ஐந்தாம் மண்டலங்களில் தனித்தனி ஃபூட்டிங்குகளை டை பீம்களால் இணைக்கச் சொன்னது 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு. நேரடியாகப் பாறைமேல் அமைந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. தில்லியின் ரிட்ஜ் பகுதியின் குவார்ட்சைட் பாறையில் இந்த விலக்கு பொருந்தலாம். யமுனை வண்டலில் பொருந்தாது. அந்த விதிப்படி அங்கே 4.69 கன மீட்டர் எப்படியும் வேண்டும்.

அதே டை பீம்கள் ஃபூட்டிங் மட்டத்தில் கிடந்தால் நீளம் 4,200 மி.மீ.-ஆகவே நீடிக்கும், தூணுக்கான 3.40 கன மீட்டரும் சேர்ந்து கூடுதல் கான்கிரீட் 8.09 கன மீட்டர். தரைமட்டத்துக்கு உயர்த்தினால் 4.69 போதும். மிச்சம் 42%.