பேட்டரி மோட்டார் சைக்கிள்: எந்தச் சலுகை நமக்கு?

கட்கி, தேகு ரோடு, ராஸ்தா பேட்டை. புனேயில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் இடங்கள் இவை. பிம்பிரி, சாக்கன் பக்கம் தொழிற்சாலைகள் அதிகம். வேலைக்குப் போக வர வெகு தூரம். சம்பளத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கே போய்விடும். அதனால் பேட்டரி வண்டி வாங்கப் பலருக்கும் ஆசை.

புனேக்கு இந்த வண்டி புதிதல்ல. டார்க் மோட்டார்ஸ் என்பது புனே கம்பெனி. அது 2022 ஜனவரியில் கிராட்டோஸ் என்ற மின்சார மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பஜாஜின் மின்சார சேத்தக் ஸ்கூட்டர் ஆகுர்டியில் தயாராகிறது. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனமும் புனேயில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனால் என்ன சொல்வார்கள்?

"வாங்கிக்கோங்க அண்ணா. மானியம் உண்டு. வருமான வரியிலும் ஒன்றரை லட்சம் கழியும்."

இது முழு உண்மையா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வருமான வரிக் கழிவு

2019இல் மத்திய அரசு வருமான வரிச் சட்டத்தில் 80ஈஈபி என்ற பிரிவைச் சேர்த்தது. மின்சார வண்டி வாங்கக் கடன் எடுத்தவருக்கு இது உதவும். அவர் கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிக்கலாம்.

இங்கே கவனம் வேண்டும். கழிவது வட்டி மட்டுமே. வண்டியின் விலை கழியாது. கழிவதும் வருமானத்தில்தான். வரியில் நேராகக் கழியாது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் பழைய முறையில் 20 சதவீத வரி கட்டுகிறார். வண்டிக் கடனுக்கு ஓராண்டில் 10,000 ரூபாய் வட்டி கட்டினார். அந்த 10,000 ரூபாய்க்கு வரி இல்லை. அவருக்கு மிச்சம் 2,000 ரூபாய். மேல்வரியையும் சேர்த்தால் 2,080 ரூபாய். ஒன்றரை லட்சம் அல்ல!

அமெரிக்காவில் 2021 வரை வேறு முறை இருந்தது. மின்சார மோட்டார் சைக்கிள் விலையில் 10 சதவீதம் வரியிலேயே நேராகக் கழிந்தது. நம் நாட்டு முறை அப்படி அல்ல.

யாருக்கு இந்தக் கழிவு?

1. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை கடன் அனுமதி பெற்றவருக்கு. அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு இல்லை.
2. வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ கடன் எடுத்தவருக்கு. வட்டிக்கடைக் கடனுக்கு இல்லை.
3. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கு. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

வரியே கட்டாதவருக்கு இதனால் ஒரு பைசா லாபமும் இல்லை. ஆகவே இதை நம்பி இப்போது கடன் எடுக்காதீர்கள். அந்த நாட்களில் கடன் எடுத்தவரா நீங்கள்? கடன் தீரும்வரை ஆண்டுதோறும் வங்கியில் வட்டிச் சான்று வாங்கி வையுங்கள்.

விலையில் குறையும் சலுகை

நம்மில் பலருக்கு உண்மையில் உதவுவது இதுதான்.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. பேட்டரியின் அளவைப் பார்த்து மானியம் தந்தார்கள். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் ஒரு யூனிட்டுக்கு 2,500 ரூபாய். ஒரு வண்டிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பேட்டரி 3 யூனிட் என்றால் கணக்கு 7,500 வரும். ஆனால் கிடைப்பது 5,000தான். இருசக்கர வண்டிக்கு இது 2026 மார்ச் 31 வரை என்று 2025இல் அறிவித்தார்கள். வாங்கும் நாளில் மானியம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மகாராஷ்டிர அரசு 2025இல் புதிய மின்வாகனக் கொள்கை கொண்டு வந்தது. இது 2030 மார்ச் வரை. இருசக்கர வண்டி விலையில் 10 சதவீதம் மானியம். 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. சாலை வரிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு.

ஜி.எஸ்.டி. வரியும் குறைவு. 2019 ஆகஸ்ட் முதல் மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான். சிறிய பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் முதல் 18 சதவீதம்.

மானியம் பெறும் வழி

மத்திய மானியத்துக்கு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். கடையிலேயே ஆதாரைச் சரிபார்ப்பார்கள். உங்கள் செல்போனுக்கு மின் ரசீது ஒன்று வரும். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரரும் போடுவார். மானியத்தைக் கழித்துத்தான் கடைக்காரர் விலை வாங்குவார். பிறகு கம்பெனி அதை அரசிடம் பெற்றுக்கொள்ளும்.

அதனால்தான் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. உங்கள் கையெழுத்து அங்கே பணம்.

பில்லைப் படியுங்கள்

சில கம்பெனிகள் வண்டிக்கு ஒரு விலையும் சார்ஜருக்குத் தனி விலையும் வாங்கின. அரசு விசாரித்தது. 2023இல் சார்ஜர் பணத்தைத் திருப்பித் தர அவை ஒப்புக்கொண்டன. பில் வைத்திருந்தவர்களுக்கு அப்போது கவலை இல்லை.

பில்லில் இவற்றைப் பாருங்கள்:
* மானியம் கழித்த தொகை தனி வரியில் இருக்கிறதா?
* ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தானா?
* சாலை வரி என்று பணம் கேட்டிருக்கிறார்களா?
* சார்ஜர் விலை சேர்ந்திருக்கிறதா?

பில் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். கூட்டிப் பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கலந்து பேசுவோம்

1. வருமானத்தில் கழிவுக்கும் வரியில் கழிவுக்கும் என்ன வேறுபாடு?
2. உங்கள் வீட்டில் மாதம் பெட்ரோலுக்கு எவ்வளவு செலவு? வண்டிக் கடனின் மாதத் தவணை எவ்வளவு வரும்? இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.
3. உங்களிடம் உள்ள ஒரு பில்லை எடுத்து வாருங்கள். அதில் வரி எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்.