வீட்டுத் தொழிலும் இணையத் தொடர்பும்

நமது நகரங்களிலே இன்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு, சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியின் விளக்கை நம்பி எரிகிறது. கூடத்து மூலையில் மேஜை போட்டுக் கொண்டு பிற ஸ்தாபனங்களுக்குக் கணக்கெழுதும் மாதர், வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர், கைப்பேசியிலேயே புடவை வியாபாரம் நடத்தும் இல்லத்தரசி ஆகிய இவர்களுக்கெல்லாம் இணையம் அரை மணி நேரம் நின்றால் அன்றைய வரும்படியில் துண்டு விழுகிறது. கம்பெனிக்காரரை வைவதனால் மனத்திற்குச் சற்று ஆறுதல் உண்டு, தொடர்பு திரும்புவதில்லை.

பழுது எங்கே என்று அறிவதே முதல் வேலை. பெட்டியிலே எல்.ஓ.எஸ். என்ற எழுத்துக்களுக்கருகே சிவப்பு விளக்கு மினுக்கினால், ஒளியிழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்பொழுது பெட்டியைப் பத்து முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. ஆனால் புகார் செய்யுமுன் அந்த மெல்லிய இழையைச் சுவர் வரை ஒரு முறை கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடுவது நலம். பௌதிக வகுப்பிலே முழு அகப் பிரதிபலிப்பு என்று நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோமே, அதன் பலத்தில்தான் ஒளி இழைக்குள்ளேயே ஓடுகிறது; இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். வீடு பெருக்கும்போது நகர்த்திய பீரோவின் கால் அதன்மேல் ஏறியிருப்பதும் உண்டு. கழன்ற முனையை மட்டும் கண்ணருகே கொண்டு போகலாகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணைக் கெடுக்க வல்லது.

மின்சாரம் நின்றதும் இணையமும் நின்றுபோவதை இயற்கை விதி போலவே அநேகர் ஏற்றுக் கொண்டிருக்கின்றனர். உண்மை வேறு. கம்பெனியின் நிலையத்திலிருந்து வீடு வரை இழையும், அதைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் சாதனமும் மின்சாரமின்றியே இயங்குபவை. நிலையத்தில் மின்சாரம் உள்ளவரை இழையில் ஒளி வந்துகொண்டே இருக்கும். அணைந்தது நம் வீட்டுப் பெட்டி மட்டுமே. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பெட்டி அணைகிறதென்றால், அந்தப் பிளக்கிற்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாதிருக்கலாம். இணைப்பு இருந்தாலும், மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் பெட்டி தடுமாறி, மீண்டும் உயிர் பெறச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அதற்குள் எதிர்த் தரப்பிலுள்ள வாடிக்கைக்காரர் பொறுமை இழந்திருப்பார். இதற்கென்றே பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் சிறு யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளை ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கிற உபாயங்களில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுவே என்பது நமது அபிப்பிராயம்.

விளக்குகள் சரியாக இருந்தும் பேச்சு விட்டு விட்டு வந்தால் குற்றம் வைஃபையினுடையது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் மூன்றே. அடுக்கு மாடிக் கட்டடத்தில் முப்பது வீட்டார் அவற்றிலேயே நெருக்கியடிக்கின்றனர். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸில் நெருக்கடி குறைவு; சுவர்களைத் தாண்டுவதில் அது சோனி. தொழில் நடக்கும் கணினிக்கு மட்டுமாவது கேபிள் இழுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இரண்டாவது கம்பெனியின் இணைப்பையும் வாங்கி வைப்போர் உண்டு. இரு கேபிள்களும் ஒரே மின்கம்பத்தில் தொங்குமானால் ஒரே லாரி இரண்டையும் அறுத்துவிடும். இரண்டாவது வழி கைப்பேசி சிம் மூலம் ஆகாய மார்க்கமாக இருப்பதே புத்திசாலித்தனம். இரண்டையும் ஏற்று, ஒன்று நின்றால் தானே மற்றொன்றுக்கு மாறும் ரௌட்டர்களும் உள்ளன. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக்காட்டியபோது, பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. அத்தகைய நாட்களுக்காக, வாடிக்கைக்காரர் விலாசங்களையும் நடப்புக் கணக்கையும் கணினியிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்வது உத்தமம்.

புகார் செய்தால் அதன் எண்ணையும், தொடர்பு நின்ற நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். டிராய் 2012-ல் வகுத்த விதிகளின்படி, புகார் நிலையத்தின் பதில் திருப்தியளிக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.