வாய் பேசாத நோயாளியின் முதுகுவலி

நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷண்ட் நாயைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருநாள் அது நாற்காலியில் ஏற மறுக்கிறது. முதுகைத் தொட்டால் கத்துகிறது. காரணம் வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் இடைத்தட்டு பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டும் இருக்கலாம். இந்த வகை நாய்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

தசைப்பிடிப்பு ஓய்வெடுத்தால் குறையும். இடைத்தட்டு பிதுங்கிய முதுகை அழுத்தித் திருப்பினாலோ, தண்டுவடம் மேலும் நசுங்கிப் பின்னங்கால்கள் செயலிழக்கக்கூடும். எங்கே, எப்படி வலிக்கிறது என்று நாயால் சொல்ல முடியாது. ஆகவேதான் விலங்குகளுக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை அளிப்பவர்களுக்குத் தொழில் நெறிகள் தேவைப்படுகின்றன.

கைரோபிராக்டிக் என்பது மூட்டுகளை, குறிப்பாக முதுகெலும்பு மூட்டுகளை, கைகளால் சட்டென்று அளவோடு அழுத்தும் முறை. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் இதை மனிதர்களுக்காகத் தொடங்கினார். இன்று குதிரைகளுக்கும் நாய்களுக்கும் கூட இது செய்யப்படுகிறது.

யார் செய்யலாம்? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கு 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, விலங்கின் நோயைக் கண்டறிவது கால்நடை மருத்துவரின் பொறுப்பு. 2015இல் வந்த விதிவிலக்கு ஆணை, இயன்முறை சிகிச்சை, கைரோபிராக்டிக் போன்றவற்றை மற்றவர்களும் செய்ய அனுமதிக்கிறது. ஆனால், கால்நடை மருத்துவர் முதலில் விலங்கைப் பரிசோதித்து, அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்க வேண்டும்.

சிகிச்சையாளர் என்ன படித்திருக்க வேண்டும் என்று அந்த ஆணை வரையறுக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பத் தன்னார்வப் பதிவேடுகள் உருவாகின. முறையான பயிற்சி, காப்புறுதி, தொடர்கல்வி ஆகியவை உள்ளவர்களே அவற்றில் இடம்பெறலாம்.

இன்னொரு நெறி நேர்மை. இந்தச் சிகிச்சை விலங்குகளுக்கு எந்த அளவு பயன் தருகிறது என்பதற்கான அறிவியல் சான்றுகள் இன்னும் குறைவு. “சிகிச்சைக்குப் பிறகு என் நாய் நன்றாக நடக்கிறது” என்று உரிமையாளர் சொன்னால் போதாதா? போதாது. மூட்டுவாதத்தால் நொண்டும் நாய்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. கால் தரையில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தது. அளவில் முன்னேற்றம் தெரியாத நாய்களைக்கூட, “தேறிவிட்டது” என்று உரிமையாளர்கள் பலர் கூறினர். கால்நடை மருத்துவர்கள் சிலரும் அப்படியே கருதினர். அன்பும் எதிர்பார்ப்பும் கண்ணை ஏமாற்றுகின்றன. ஆகவே, நல்ல சிகிச்சையாளர் “நிச்சயம் குணமாகும்” என்று வாக்குக் கொடுக்க மாட்டார்.

உங்கள் செல்லப்பிராணி பின்னங்கால் தள்ளாடி நடந்தாலோ, காலை இழுத்துக்கொண்டு சென்றாலோ, முதுகைப் பிடித்துவிட வேண்டாம். அசைக்காமல் தூக்கி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். “மருத்துவர் பார்க்கும்வரை நான் தொடமாட்டேன்” என்று சொல்பவரே நம்பத்தக்க சிகிச்சையாளர்.