வீட்டுப் பக்கம் திரும்பினால் குதிரைக்கு ஏன் அவ்வளவு அவசரம்?

குற்றாலம் வரை குதிரையில் போய்விட்டு, செங்கோட்டைக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது அசைந்து நடந்த குதிரை, திரும்பும்போது பறக்கப் பார்க்கும். ஆட்டோ வருமுன் ஜட்கா ஓட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம்.

ஏன் இப்படி?

குதிரை கூட்டமாக வாழும் பிராணி; தனிமை அதற்கு ஆபத்து. துணையும் கொள்ளும் புல்லும் லாயத்தில்தான். வழியும் நன்றாக நினைவிருக்கும். கடைசி மணி அடிக்கும் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கால்கள் பெஞ்சுக்கடியில் துடிக்குமே, அதே நிலைதான்.

கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தே இருந்தால் அடங்குமா? வாய் வலிக்கும், பயம் கூடும். பயந்த குதிரைக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டம்தான்.

அதனால் கடிவாளத்தை இழுங்கள், குதிரை இசைந்ததும் தளர்த்துங்கள். துள்ளினால் வட்டமாகத் திருப்புங்கள். நடந்தால் மட்டும் வீட்டுப் பக்கம் விடுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் பாசமாக ஒன்றையொன்று கொறித்துக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் அளந்து, 1993-ல் வெளியிட்டார்கள்.

வந்து நின்றதும் தீனி வைக்காதீர்கள். சில நாள் லாயத்தைத் தாண்டிப் போய்த் திரும்புங்கள். 'வேகமாக வந்தால் உடனே கொள்ளு' என்ற கணக்கை அது மறக்க வேண்டும். சாட்டையை மட்டும் எடுக்காதீர்கள். அடி பயத்தைத்தான் வளர்க்கும்.