கழித்துப்போட்ட டிஷ்ஷில் வானம் கேட்கலாம்

1980-களில் அமெரிக்க வீட்டுக் கொல்லைப்புறங்களில் சுமார் 3 மீட்டர் அகல டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. கேபிள் நிறுவனங்களுக்காக அனுப்பப்பட்ட சேனல்களை அவை இலவசமாகவே பிடித்துத் தந்தன. 1986 ஜனவரியில் ஹெச்பிஓ சேனல் தன் ஒளிபரப்புக்குப் பூட்டுப் போட்டது. 1994-இல் சின்ன டிஷ் விற்பனைக்கு வந்தது. பெரியவை துருப்பிடிக்கத் தொடங்கின.

அவற்றைத் தேடிப்போய்க் கழற்றி வருகிறார்கள் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள்.

முதலில், டிஷ் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பின் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து இரண்டு நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுவார்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் நல்ல டிஷ். அடுத்தது குவியம், அதாவது அலைகள் வந்து குவியும் புள்ளி. அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் கணக்கு முடிந்தது. அகலம் 3 மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்றால், குவியம் அடிமையத்திலிருந்து 1.125 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

அந்த இடத்தில் பழைய கருவியை எடுத்துவிட்டு, சுமார் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகர டப்பாவைப் பொருத்துகிறார்கள். டப்பாவுக்குள் ஒரு குட்டிச் செம்புக் கம்பி. அதோடு ஒரு பெருக்கியும், கணினியில் செருகும் சின்ன ரிசீவரும் சேர்ந்தால், பால்வீதியின் ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் உமிழும் அலை திரையில் மேடாக எழும்.

இன்னும் சிலர் நிலவை நோக்கி மோர்ஸ் குறிகளை அனுப்புகிறார்கள். சுமார் இரண்டரை விநாடியில் எதிரொலி திரும்பிவிடும். வேறொரு கண்டத்தில் நிலவைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பி வைத்திருப்பவர் அதைக் கேட்டுப் பதில் அனுப்பலாம்.