பக்கவாதம்: கை மீண்டும் கற்கும் பாடம்

"கையும் காலும் விழுந்துட்டு, இனி அவ்வளவுதான்." குருவிகுளம் பகுதியில், தாத்தா பாட்டியோடு வளரும் நம் மாணவர்களின் வீடுகளில் நான் பலமுறை கேட்ட பேச்சு இது. இது சரியல்ல என்பதைப் பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தோடு சேர்த்தே விளக்கலாம்.

பக்கவாதத்தில் கெடுவது கை அல்ல, மூளை. ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, கையை இயக்கும் நரம்பு செல்கள் இறக்கின்றன. இடப் பெருமூளை பாதித்தால் வலப்பக்கம் செயலிழக்கும். இறந்த செல்கள் மீளாது. ஆனால், எஞ்சிய செல்கள் புதிய இணைப்புகளை உருவாக்கி அந்த வேலையை ஓரளவு ஏற்கும். அதற்கு ஒரே அசைவைப் பலநூறு முறை செய்ய வேண்டும். நாம் எழுதப் பழக்கும் முறையும் அதுதானே?

திரும்பத் திரும்பச் செய்தால் சலிப்பு வரும். அதைப் போக்க வந்ததே மெய்நிகர் சிகிச்சை. திரையிலோ தலையில் மாட்டும் கருவியிலோ தெரியும் பழத்தை நோயாளி எட்டிப் பறிக்க வேண்டும். உணரிகள் கையசைவை அளந்து உடனே மதிப்பெண் காட்டும். கடினம் படிப்படியாகக் கூடும். இது வழக்கமான பயிற்சிக்கு மாற்றல்ல. அதோடு கூடுதலாகச் சேர்க்கும்போதே கைக்குப் பலன் தெரிகிறது என்கிறது கோக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு.

இதே எண்ணத்தின் எளிய வடிவம் கண்ணாடிப் பயிற்சி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய உறுப்பு வலிக்காக 1990களில் இதை உருவாக்கினார். 1999இல் அவர் பங்கேற்ற குழு, பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து லான்செட் இதழில் எழுதியது. மேசை நடுவே கண்ணாடியை நிறுத்தி, செயலிழந்த கையை அதன் பின்னால் வைக்க வேண்டும். நல்ல கையை அசைத்துக் கண்ணாடியைப் பார்த்தால், செயலிழந்த கையே அசைவதுபோல் தோன்றும். அக்காட்சி மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டுகிறது. இதை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டில் செய்ய வேண்டும்.

முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். "அவ்வளவுதான்" என்று காத்திருந்தால் அந்தக் காலம் வீணாகும். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். வீடு திரும்பியவருக்கு, தினமும் பயிற்சியின்போது அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொல்ல ஒரு பேரப்பிள்ளை போதும்.