ஒரு பேட்மேன், ஒரு கும்பல் வில்லன்கள்: இந்த ஆட்டம் எப்படி நியாயமாகும்?

செஸ்ல ரெண்டு பக்கமும் 16 காய். ரூல்ஸ் ஒண்ணு, இலக்கும் ஒண்ணு. நியாயமான ஆட்டம்னா இப்படித்தான் இருக்கணும்னு நமக்குப் பழகிப்போச்சு.

2013ல் கிரிப்டோசோயிக் நிறுவனம் வெளியிட்ட 'பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி எஸ்கேப்' இந்தப் பழக்கத்தை உடைக்கிற போர்டு கேம். 2011ல் வந்த 'ஆர்க்கம் சிட்டி' வீடியோ கேம்தான் இதற்கு அடிப்படை. ஆடுறது ரெண்டே பேர். ஒருத்தர் பேட்மேன். இன்னொருத்தர் கையில், தப்பிக்கப் பார்க்கும் வில்லன் கும்பல். காயும் வேற, வேலையும் வேற. ஒருத்தர் பிடிக்கணும், மற்றவர் ஓடணும்.

இந்த வகைக்கு 'ஏசிமெட்ரிக்' கேம்னு பேர். பேர்தான் புதுசு. நம்ம ஊர்க் கோயில் கல்தரைகளில் செதுக்கியிருக்கும் ஆடுபுலி ஆட்டமும் இதே வகைதான்: 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. நேபாளத்தின் பாக் சால் இதற்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி: 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. ரெண்டிலும் ஆடு வெட்டாது, புலிதான் வெட்டும். ஆட்டைத் தாண்டிக் குதித்து அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் வெட்டு. புலியை நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

அப்படின்னா புலிக்குத்தானே சாதகம்? பாக் சால்ல கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. ஆடுகளை ஒவ்வொண்ணா இறக்கணும். ஒண்ணுகூட வெட்டுப்படாமல் 20ம் இறங்கிவிட்டால், 4 புலியோடு சேர்த்து 24 காய். மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு காலிப் புள்ளி! குதிக்க இடமில்லாத புலிக்கு என்ன பலம்? ஆக, புலியின் உண்மையான ஆயுதம் பல் இல்லை, காலி இடம். ஒவ்வொரு ஆடு இறங்கும்போதும் அந்த ஆயுதம் கொஞ்சம் குறையுது. ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்குது.

பேட்மேனுக்கும் இதே மாதிரி ஒரு பற்றாக்குறை உண்டு. அவருக்குத் தட்டுப்பாடு பலம் இல்லை, நேரம். அவர் ஒரு ஆள், ஓடுறவங்க பல பேர். இவனைத் துரத்தினால் அவன் நழுவுவான். அதனால 'எப்படிப் பிடிக்கிறது' என்பதைவிட 'யாரை விடுறது' என்பதுதான் கஷ்டமான முடிவு.

தராசைச் சரிசெய்ய இன்னொரு வழி, தகவலை மறைப்பது. 1983ல் வந்த 'ஸ்காட்லாந்து யார்டு' கேம்ல லண்டன் வரைபடத்தில் 199 இடங்கள். பல துப்பறிவாளர்கள் சேர்ந்து மிஸ்டர் எக்ஸ் என்ற ஒருத்தரைத் தேடுவாங்க. இவர் எங்கே இருக்கார்னு 3, 8, 13, 18 மாதிரி சில நகர்த்தல்களில் மட்டும்தான் காட்டணும். ஆள்பலத்துக்கு எதிரா இருட்டு!

சரி, இப்படி அமைச்சது உண்மையிலேயே சமமா? பாக் சாலுக்குப் பதில் இருக்கு. 5 ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்ற விதியை வச்சு லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கம்ப்யூட்டரில் அலசினாங்க. ரெண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் முடிவு டிரா. நாலுக்கு இருபது, ஆனாலும் சமம்.

ஆனா தப்பே செய்யாமல் ஆட நாம கம்ப்யூட்டர் இல்லை. புலிக்கு ஒரு தப்பு போனா ஒரு வாய்ப்புதான் போகும். ஆட்டுக்கு ஒரு தப்பு போனா ஒரு ஆடே போகும். கணக்கில் சமமா இருக்கிறதும், ஆடுறவங்க கையில் சமமா இருக்கிறதும் வேற வேற. ஒரு டிசைனர் ரெண்டையும் பார்க்கணும்.

இதைச் சோதிக்க லேப் வேணாம். சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு, பக்கம் மாத்தி மாத்திப் பத்து ஆட்டம் ஆடி, யார் ஜெயிச்சாங்கன்னு இல்லாமல் எந்தப் பக்கம் ஜெயிச்சதுன்னு எழுதிவைங்க. ஒரே பக்கம் சாய்ஞ்சா ஒரு ஆட்டைக் கூட்டியோ குறைச்சோ திரும்ப ஆடுங்க. சொந்தமா கேம் டிசைன் பண்ண நினைக்கிறவங்களுக்கு முதல் பாடம் இதுதான்.